எழுபத்தொரு கூழைக்கடா

அது விளையாட்டுச் சாமான் இல்லைக்கா, பைனாகுலர். பிள்ளை உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருக்கா. திருப்பிப் பிடிச்சிருக்கா, அதுல பார்த்தா நீங்க கடைசி சீட்டுக்கும் அங்கிட்டு இருக்கிற மாதிரித் தெரிவீங்க. கோவிச்சுக்கிடாதீங்க. ஏட்டி தர்ஷி, பெரியம்மாவைப் பார்த்தது போதும், ஜன்னல் பக்கம் பாரு.

நான் பொதுவா பஸ்ஸுல யார்ட்டயும் பேச மாட்டேன். பஸ்ஸுல மட்டும் இல்லை, எங்கேயும் பேச மாட்டேன். அஞ்சாம் வகுப்போட நின்னதே அதனாலதான். டீச்சர் பதினாறாம் வாய்ப்பாட்டை எந்திரிச்சு நின்னு சொல்லச் சொன்னாங்க. எனக்குத் தெரியும். உட்கார்ந்து சொல்லச் சொல்லியிருந்தா இருபது வரைக்கும் சொல்லியிருப்பேன். நின்னு சொல்ல வாய் வரலை. மறுநாளும் நிக்கச் சொன்னாங்க. அதுக்கு மறுநாள் நான் போகலை. எங்க அம்மா, சரி, வீட்டுல இருந்து பீடி சுத்துன்னுட்டா. அவ்வளவுதான் என் படிப்பு.

நீங்க கேட்டீங்களேன்னு சொல்லுதேன். சின்னப் பிள்ளை கையில எதுக்கு இத்தாம் பெரிய பைனாகுலர்னுதானே கேட்டீங்க? அதைச் சொல்லணும்னா போன வருஷம் தை மாசத்துல இருந்து சொல்லணும். ஆத்துப் பாலம் வர இன்னும் அரை மணி நேரம் ஆகும், சொல்லிரலாம்.

டிரைவருக்குப் பின் சீட்டுல நீலத் துண்டு போட்டு உட்கார்ந்திருக்காரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர். பலவேசம்னு பேர். இப்பப் பார்க்காதீங்க. கொஞ்சம் கழிச்சுப் பாருங்க. அவர் என்னட்ட பேசி ஒரு வருஷம் ஆகுது.

சண்டையெல்லாம் இல்லைக்கா. சண்டை போடணும்னா ரெண்டு பேர் பேசணும்லா.

எங்க வீடு செங்கக்குளத்துக் கரையில கடைசி வீடு. கதவைத் திறந்தா தண்ணிதான். ஐப்பசி மழையில குளம் பெருகிச்சுன்னா கார்த்திகையில பறவை வந்திரும். நாரை, நீர்க்காகம், தாரா, அரிவாள்மூக்கன். கூழைக்கடா எழுபத்தொண்ணு. அது எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. காலையில வாசல்ல பீடித் தட்டை மடியில வச்சு உட்கார்ந்தா எதிர்த்தாப்புல நிக்கும், வேற எங்க பார்க்க?

பீடி சுத்துறவளுக்கு எண்ணிக்கை கண்ணுல இருக்கும். ஒரு கட்டுக்கு இருபத்தஞ்சு பீடி. தட்டுல குமிஞ்சு கிடந்தாலும் இருபத்தஞ்சு இதுவரைக்கும்னு கண்ணு கோடு போட்டுரும். ஒண்ணு குறைஞ்சிருந்தாலும் பீடிக்கடைக் கணக்குப்பிள்ளை கட்டைப் பிரிச்சு வீசிருவார். எல்லாரும் நிக்கையில வீசுவார். அந்த வெக்கத்துக்குப் பயந்தே நான் இன்னைக்கு வரைக்கும் ஒரு எண்ணிக்கையும் தப்பவிட்டதில்லை. கூழைக்கடாவும் அப்படித்தான். ரெண்டு கட்டும் இருபத்தொண்ணும். அதுல ஒண்ணு கால்ல நைலான் நூல் சுத்திக்கிட்டுத் தொங்கும், பறக்கும்போது வால் மாதிரித் தெரியும்.

பறவை மேல எனக்குப் பெரிய பிரியம்னு நினைச்சிராதீங்க. மிளகா வத்தல் காயப்போட்டா அது மேல பேண்டு வைக்கும்.

எங்க வீட்டுக்காரருக்கு அந்தக் குளத்துலதான் வேலை. குளத்து மீன்பாசிக் குத்தகையை ஏலம் எடுத்தவர் தங்கப்பழம் அண்ணாச்சி. கட்லாக் குஞ்சு, ரோகுக் குஞ்சுன்னு லாரியில கொண்டாந்து விடுவார். அதைப் பறவை தின்னும். தின்ன விடாம வெடி போட்டு விரட்டணும். அதுதான் வேலை. தீவாளிக்குப் போடுவோம்லா, அணுகுண்டு, அந்த மாதிரி, ஆனா கோயில் கொடைக்கு வெடி கட்டுற ஆள் கட்டிக் குடுக்கிறது. ஒரு நாளைக்கு இருபது. கையில பத்த வச்சு, தண்ணிக்கு மேல வீசணும். அது ஆகாசத்துலயே வெடிக்கணும். தண்ணியில விழுந்தா அண்ணாச்சி வைவார்.

அந்தத் தைக்கு முந்தின கார்த்திகையில ஒரு வெடி திரி குட்டையா இருந்திருக்கு. வீசுறதுக்கு முன்னாடியே வெடிச்சிட்டு. வலது கை ஆள்காட்டி விரல் பாதி போச்சு. அந்தப் பக்கத்துக் காதுல எந்நேரமும் ரைஸ்மில் ஓடுற மாதிரிக் கேக்குதுன்னார். அண்ணாச்சியைக் குறை சொல்லக்கூடாது. அவர் கார்லயேதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். பத்து நாள் கழிச்சு வேலைக்கும் வரச் சொல்லிட்டார். இனிமே இடது கையால போடுன்னு சொன்னார்.

அன்னைக்கு அந்த வெடிச் சத்தம் மத்த வெடி மாதிரி விரியலைக்கா. பொத்தினாப்புல கேட்டுச்சு. நான் பீடி இலை வெட்டிக்கிட்டிருந்தேன். அதுக்கு அடுத்த வெடி வரலை.

அதுல இருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்திட்டு. வெடியை எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. இருபது ஆச்சுன்னா எந்திரிச்சு சோத்துக்கு உலை வைப்பேன். நடுவுல ஒரு வெடி பிந்திச்சுன்னா கையில இருக்கிற இலை கிழிஞ்சிரும். ஈரம் போதாத இலை அப்படித்தான் கிழியும். ஒரு நாளைக்கு முப்பது நாப்பது இலை கிழியும். கணக்குப்பிள்ளை, என்ன முப்புடாதி, இலையைத் திங்கியான்னு கேப்பார். என் பேர் முப்புடாதி. சொல்லலைல்லா?

இப்ப விஷயத்துக்கு வாரேன்.

பொங்கல் கழிஞ்ச மறு வாரம் அண்ணாச்சி வீட்டு முன்னால வந்து பைக்கை நிறுத்தினார். இறங்கலை. பைக்குல இருந்துக்கிட்டே சொன்னார்.

"ஏலே பலவேசம், நாளைக்குக் காலேஜ் சார் ஒருத்தர் பறவை எண்ண வாரார். குளங்குளமாப் போறாராம். வழிகாட்ட ஊர்க்காரங்க ஒரு ஆள் வேணுமாம். ஒம் பொண்டாட்டிய அனுப்பு."

"அவளா? அவ பேச மாட்டாளே அண்ணாச்சி."

"அதனாலதாம்லே சொல்லுதேன்."

நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். அண்ணாச்சி போட்ட திட்டம் இதுதான். நம்ம குளத்துல இம்புட்டுப் பறவை நிக்குதுன்னு எழுதிட்டாங்கன்னா ஃபாரஸ்ட்டுல இருந்து வந்து வெடி போடக்கூடாதும்பாங்க. வெடி போடலைன்னா மீன் நிக்காது. மீன் நிக்கலைன்னா அடுத்த ஏலம் அவர் எடுக்க மாட்டார், பலவேசத்துக்கும் வேலை கிடையாது. அதனால நான் அவங்களை முதல்ல ஆத்துத் தடுப்பணைக்குக் கூட்டிட்டுப் போகணும், அப்புறம் நொச்சிக்குளம், அப்புறம் மாவடிக்குளம். செங்கக்குளத்துக்குக் கடைசியா, ஒரு மணிக்குத்தான் வரணும். அதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் இருபது வெடியையும் போட்டு ஒரு குஞ்சு நிக்காம விரட்டிருவார்.

ராத்திரி சோறு போடும்போது கேட்டேன். "அவங்க எதும் கேட்டா நான் என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லாண்டாம். எப்பவும் போல இரு."

எப்பவும் போல இருக்கிறது எனக்குக் கஷ்டமா என்ன?

விடியக்காலம் வேன் வந்துச்சு. டென்சிங் சார்னு பேரு. நெட்டையா, தொப்பி போட்டு, கழுத்துல ரெண்டு பைனாகுலர். கூட ஷெரின்னு ஒரு பொண்ணு, அவர்ட்ட படிக்கிற பிள்ளை. சார் எண்ணிச் சொல்ல அது போன்ல எழுதும். எனக்கு இடுப்புல தர்ஷி. அப்ப ஒண்ணரை வயசு. வீட்டுல விட்டுட்டு வந்திருக்கலாம், மாமியா பார்த்துக்கிடுவா. ஆனா கையில பிள்ளை இருந்தா நம்ம முகத்தை யாரும் பார்க்க மாட்டாங்க, பிள்ளையைத்தான் பார்ப்பாங்க. அதுக்காகக் கொண்டுபோனேன்.

சார் நிறுத்தாமப் பேசுற ஆள். வரித்தலை வாத்துன்னு ஒண்ணு இருக்காம், இமயமலையைத் தாண்டி வருதாம், அந்த உயரத்துல மனுசனுக்கு மூச்சே விட முடியாதாம். நான் பிள்ளையை அந்த இடுப்புல இருந்து இந்த இடுப்புக்கு மாத்தினேன்.

ஷெரின் கேட்டுச்சு. "அக்கா, நீங்க பேசவே மாட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"பேசுவீங்கன்னா, மாட்டீங்கன்னா?"

அதுக்கும் தலையாட்டினேன். அது சிரிச்சிட்டு.

தடுப்பணையில போய் இறங்கின கொஞ்ச நேரத்துல முதல் வெடி கேட்டுச்சு. செங்கக்குளத்துக்கும் அதுக்கும் நடுவுல வயக்காடுதான், நல்லாக் கேக்கும். ஒண்ணுன்னு எண்ணினேன். ரெண்டு. மூணு.

"என்னம்மா சத்தம்?"ன்னார் சார்.

"கல்யாண வீடா இருக்கும் சார், தை மாசம்லா"ன்னு ஷெரின் சொல்லிச்சு.

சார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தலையாட்டுறது பேச்சுல சேராதுக்கா.

அஞ்சாவது வெடிக்கு வடக்க இருந்து வெள்ளையா எந்திரிச்சு வந்துச்சு பாருங்க, கூழைக்கடா. வட்டம் போட்டு வட்டம் போட்டு ஆத்துல இறங்கிச்சு. சார் பைனாகுலரைக் கண்ணுல வச்சுக்கிட்டுப் பத்து, இருபது, முப்பதுன்னு பத்துப் பத்தா எண்ணினார். எழுபதுன்னார். ஷெரின் எழுதிச்சு. நான் பார்த்தேன். ரெண்டு கட்டும் இருபத்தொண்ணும். நூல் தொங்குறதும் இருந்துச்சு.

சரி, ஒண்ணுதானே குறையுதுன்னு விட்டுட்டேன். விட்டுட்டேன்னு சொல்லுதேனே தவிர, அந்த ஒண்ணு எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

அங்கேயிருந்து நொச்சிக்குளம் போனோம். போறதுக்குள்ள பறவை எல்லாம் திரும்பச் செங்கக்குளத்துக்கே போயிட்டு. அதுகளுக்கு அதுதான் வீடு. எங்க வீட்டுக்காரர் மேக்கரையில நின்னு போட்டா ஆத்துக்குப் போகாது, நொச்சிக்குளத்துக்கு வரும். எந்தக் கரையில நின்னா எங்க போகும்னு அவருக்கு அத்துபடி. சத்தத்தை வச்சு அவர் எங்க நிக்காருன்னு எனக்குத் தெரியும். ஆறு, ஏழு, எட்டு. பத்தாவது வெடிக்குத் தலைக்கு மேல வந்திட்டு.

"சார், இங்கேயும்!"னு ஷெரின் குதிக்குது. சார் எண்ணினார். எழுபத்தஞ்சுன்னார். கலைஞ்சு நின்னதால நாலு கூடிட்டு. நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன். பார்த்தா வாய் வந்திரும்போல இருந்துச்சு.

"ரொம்பப் பெரிய கல்யாணம்போல"ன்னார் சார்.

தலையாட்டினேன்.

மாவடிக்குளம் போய்ச் சேரும்போது மணி பத்தரை. அங்க ஒரு மருத மரத்தடியில இட்லிப் பொட்டலத்தைப் பிரிச்சாங்க. எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க. பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. கூழைக்கடா வந்து இறங்கிச்சு. சார் கையைக் கழுவாமலே எண்ணினார். எழுபது. ஷெரின் கூட்டிப் பார்த்து இருநூத்திப் பதினஞ்சுன்னுச்சு. சார் தொப்பியைக் கழட்டிட்டார். பத்து வருஷத்துல இப்படி வந்ததே இல்லையாம். கூழைக்கடா மூணு மடங்கா ஆகியிருக்காம். இதைப் பேப்பர்ல போடணுமாம்.

அப்பத்தான் பதினாலாவது வெடி. பொத்தினாப்புல கேட்டுச்சு.

இட்லியைக் கையில வச்சுக்கிட்டு இருந்தேன். பதினஞ்சு வரலை. தர்ஷி என் கையில இருந்த இட்லியைப் பிச்சுத் தின்னுக்கிட்டிருந்தா. முழு இட்லியும் தின்னு முடிச்சிட்டா, பதினஞ்சு வரலை. சார் கூழைக்கடா குஞ்சு பொரிக்கிறதைப் பத்தி ஷெரினுக்குச் சொல்லிக்கிட்டிருந்தார், அதுவும் முடிஞ்சிட்டு. பதினஞ்சு வரலை.

நான் எந்திரிச்சு நின்னேன். "சார்"னேன்.

ரெண்டு பேரும் மரத்தைத்தான் முதல்ல பார்த்தாங்க. சத்தம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியலை.

"சார், அது இருநூத்திப் பதினஞ்சு இல்லை. எழுபத்தொண்ணு."

"எதும்மா?"

"கூழைக்கடா. மூணு இடத்துலயும் நீங்க எண்ணினது ஒரே கூழைக்கடாதான். ஒண்ணு கால்ல நூல் தொங்கும், பாருங்க. அந்தா, கரையோரமா."

சார் பைனாகுலரை வச்சுப் பார்த்தார். ஷெரின் போன்ல எடுத்திருந்த படத்தைப் பெருசாக்கிப் பார்த்துச்சு. "சார், நொச்சிக்குளத்துலயும் இருக்கு சார்"னு மெதுவாச் சொல்லிச்சு.

"அது எங்க குளத்துக் கூழைக்கடா சார். வெடி போட்டா எந்திரிச்சு வரும், நின்னா திரும்பப் போயிரும்."

"கல்யாண வீடுன்னு சொன்னீங்களேம்மா?"

"நான் சொல்லலை. அவங்க சொன்னாங்க."

"யார் வெடி போடுறது?"

"எங்க வீட்டுக்காரர். இருபது போடணும். பதினாலோட நின்னுபோச்சு. வண்டியை எடுங்க சார்."

அவ்வளவுதான்க்கா நான் பேசினது. எண்ணிப் பாருங்க. இதைத்தான் ஊர்ல, பேசாத பொம்பளை பேசிக் குடும்பத்தைக் கெடுத்துட்டாங்காங்க. நான் எங்க பேசினேன்? எண்ணிக்கை சொன்னேன். எழுபத்தொண்ணை ஒருத்தர் இருநூத்திப் பதினஞ்சுன்னு எழுதினா யாராலதான் பார்த்துக்கிட்டிருக்க முடியும்? எண்ணிக்கைக்காகத்தான் சொன்னேன். வேற ஒண்ணுக்காகவும் இல்லை.

வேன்ல வரும்போது சார் என்னென்னமோ கேட்டார். எனக்குக் காதுல ஏறலை. வண்டி குலுங்குற ரோடு. எங்க குளத்துக் கரை வந்ததும் நிக்கிறதுக்கு முன்னாடியே இறங்கிட்டேன். ஷெரின் பிள்ளையை வாங்கிக்கிட்டுச்சு. கரையில ஓடும்போதுதான் ஒரு கால் சுடுது. பார்த்தா ஒத்தைச் செருப்புதான் கிடக்கு. இன்னொண்ணு மாவடிக்குளத்து மருத மரத்தடியில.

கிழக்கு மடைக்கிட்டே கல்லுல உட்கார்ந்திருந்தார். தூக்குவாளியைத் திறந்து வச்சு நீச்சோறு குடிச்சுக்கிட்டிருந்தார். பக்கத்துல துணிப்பையில மிச்ச வெடி. முன்னால ஒரு கல்லுல தீக்குச்சியெல்லாம் வரிசையாக் காயப்போட்டிருந்தார். என்ன ஆச்சுன்னா, பதினாலாவது வெடி கை தவறிச் சேத்துல விழுந்து வெடிச்சிருக்கு. தண்ணி அடிச்சுத் தீப்பெட்டி நனைஞ்சிட்டு. குச்சி காயுறதுக்குள்ள சாப்பிட்டிருவோம்னு உட்கார்ந்திருக்கார்.

நான் அவர் கையைப் பார்த்தேன். வலது கையில நாலரை. இடது கையில அஞ்சு. ஒன்பதரை. காலையில போகும்போது இருந்த அதே ஒன்பதரை.

அந்த இடத்துலயே கரையில உட்கார்ந்துட்டேன். ஓடி வந்தா மூச்சு வாங்கும்லா, கண்ணுலயும் தண்ணி வரும்.

அவர் என்னைப் பார்த்தார், பின்னால வார சாரைப் பார்த்தார். வாயில சோறு.

"ஏட்டி, ஒரு மணிக்குத்தானே கூட்டிட்டு வரச் சொன்னேன்"னார்.

அதுதான்க்கா அவர் என்னட்ட பேசின கடைசிப் பேச்சு.

வெடி நின்னதால அந்நேரம் பார்த்து எல்லாம் திரும்பி வருது. மாவடிக்குளத்துல இருந்து நாங்க வந்தோம்லா, எங்களுக்குப் பின்னாலயே. அவர் தலைக்கு மேல வட்டம் போட்டு, அவர் முன்னாலயே ஒவ்வொண்ணா இறங்குது. சார் நின்ன இடத்துல நின்னு, இந்தத் தடவை ஒண்ணு ஒண்ணா எண்ணினார். எண்ணி முடிச்சு என்னைப் பார்த்து, எழுபத்தொண்ணுன்னார். ஆமான்னேன். ஷெரின் வெடிப்பையோட சேர்த்து ஒரு போட்டோ எடுத்துச்சு. அந்தப் போட்டோவுல எங்க வீட்டுக்காரர் கன்னம் ஒரு பக்கம் உப்பி இருக்கும்.

அப்புறம் நடந்தது நீங்க நினைக்கிறதுதான். ரெண்டு நாள்ல ஃபாரஸ்ட்டுக்காரங்க வந்தாங்க. கரையில போர்டு வச்சாங்க. இவர் அந்த ஆபீஸுக்கு நாலு நடை நடந்து, இனிமே வெடி போட மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தார். அண்ணாச்சி பைக்கைக் கொண்டாந்து நிறுத்தி, இறங்காமலே, "நாளையில இருந்து வராதலே"ன்னார். என்னைப் பார்த்து, "நீ நல்லா இரும்மா"ன்னார். அதை அவர் நல்லபடியாச் சொல்லலை.

எங்க மாமியா மூணு மாசம் பாட்டுப் படிச்சா. "வாயில்லாப் பூச்சின்னுதான் பார்த்துக் கட்டிட்டு வந்தேன். வாயைச் சேத்து வச்சு வச்சு ஒரே நாள்ல செலவழிச்சிட்டா." குழாயடியில பொம்பளைங்க நான் வந்தா, "ஏய் மெதுவாப் பேசுங்கட்டி, எண்ணி எழுதிக் குடுத்திருவா"ம்பாங்க. நான் குடத்தை நிறைச்சுக்கிட்டு வந்திருவேன்.

அவர் மட்டும் ஒண்ணுமே சொல்லலை. வைதிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். எல்லாம் பிள்ளை வழியாத்தான். "தர்ஷி, உங்கம்மாட்ட சொல்லு, வெந்நி வேணும்னு." ஒண்ணரை வயசுப் பிள்ளை என்னத்தைச் சொல்லும்? அது ம்ம்ங்கும். நான் வெந்நி வைப்பேன். "தர்ஷி, உங்கப்பாட்ட சொல்லு, இன்னைக்குக் குழம்பு இல்லைன்னு." அது ம்ம்ங்கும். பாவம், அவ பேசப் பழகுறதுக்கு முன்னாடியே அவளுக்கு இந்த வேலை வந்திட்டு.

அவருக்கு என் மேல அவ்வளவு கோவம்க்கா. நான் செஞ்சதும் அப்படித்தானே.

ஒரு வேடிக்கை சொல்லுதேன். அன்னைக்குச் சாயந்தரம் அந்த ஒத்தைச் செருப்பு வாசல்ல இருந்துச்சு. மாவடிக்குளம் போக மூணு கிலோமீட்டர், வர மூணு. எப்படி வந்துச்சுன்னே தெரியலை. வாரும் புதுசாத் தச்சிருந்துச்சு. நாய் எதுவும் கவ்விக்கிட்டு வந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

இப்ப அவர் வாழைத்தார் ஏத்தப் போறார். லாரி லோடு. தோள் காய்ச்சுப்போச்சு. ஆனா சாயந்தரம் ஆறு மணிக்கு டாண்ணு வந்திருவார், வந்து முகம் கழுவும்போது நான் தண்ணி ஊத்துவேன். ஒன்பதரைதான். தினமும் பார்ப்பேன், சும்மா ஒரு பழக்கம். இலையும் இப்ப கிழியுறதில்லை. கணக்குப்பிள்ளையே கேட்டார், என்ன முப்புடாதி, உன் கட்டுல கழிவே இல்லையேன்னு. இந்த வருஷம் இலை நல்ல இலையா வருது போல.

பைனாகுலர் கதைக்கு வரலையே நான். டென்சிங் சார் மாசி மாசம் வீட்டுக்கு வந்தார். அவரோட பழசு ஒண்ணு, ஒரு பக்கக் கண்ணாடியில பூசணம் பிடிச்சது, அதை எனக்குத் தந்தார். "உங்க எண்ணிக்கையைத்தான் எழுதியிருக்கேம்மா. எழுபத்தொண்ணு"ன்னார். என்னால உங்க வேலை போனதுக்கு வருத்தமா இருக்குன்னு இவர்ட்டயும் சொன்னார். இவர் தூணைப் பார்த்துக்கிட்டு, "இருக்கட்டும் சார், எனக்கும் ஒரு காது பாக்கி இருக்கு"ன்னார். அவர் எதுக்கு அப்படிச் சொன்னார்னு எனக்குப் புரியலை. கோவத்துல சொல்லியிருப்பார்.

இந்த வருஷம் சார் போன் பண்ணினது எனக்கு இல்லை, அவருக்கு. எந்தக் கரையில சத்தம் கேட்டா எந்தக் குளத்துக்குப் பறவை போகும்னு தெரிஞ்ச ஆள் வேணுமாம். எண்ணுறதுக்கு நான் வேணுமாம். ரெண்டு பேரும் வாங்க, பாலத்து ஸ்டாப்புல நிக்கேன்னாராம். அதை இவர் எப்படிச் சொன்னார்ங்கீங்க? "தர்ஷி, உங்கம்மாட்ட சொல்லு, அஞ்சே முக்கால் பஸ்ஸுக்கு நிக்கணும், செருப்பு போட்டுக்கிட்டு வரணும்னு."

பிள்ளை இப்ப நல்லாப் பேசும். வந்து, "அம்மா, செருப்பு"ன்னு மட்டும் சொன்னா.

பஸ்ஸுல ஏறினதும் அவர் போய் அங்க உட்கார்ந்துக்கிட்டார். கண்டக்டர்ட்ட மூணு விரலைக் காட்டாம ரெண்டரைன்னு சொன்னார், பிள்ளைக்கு அரை டிக்கெட்னு. டிக்கெட்டே வேண்டாம்யா, ரெண்டு வயசுப் பிள்ளைக்குன்னார் கண்டக்டர். இவர் பின்னால கையைக் காட்டி, அந்த ஆளும் பிள்ளையும்னார். அந்த ஆள்னா நான்.

பாலம் வந்திட்டு பாருங்க. ஆத்துல இந்த வருஷம் தண்ணி இருக்கு. அந்தா, எந்திரிக்குது, பார்த்தீங்களா? கூழைக்கடா. ஏட்டி தர்ஷி, பைனாகுலரைத் திருப்பிப் பிடிட்டி. சரி, அவளுக்கு அப்படிப் பார்க்கத்தான் பிடிக்குது.

அக்கா, அவர் திரும்புதார்.

பிள்ளையைப் பார்க்கலை. என்னைப் பார்க்கார்.

கேட்டீங்களா? நீங்களும் கேட்டீங்கல்லா? "ஒரு கட்டும் எட்டும். சரியாட்டி?"ங்கார். கட்டுக் கணக்குல சொல்லுதார். என்னட்டதான் கேக்கார்.

நான் தலையாட்டிட்டேன்.

இல்லைக்கா, ஏழு. ஒரு கட்டும் ஏழும். கடைசியா பிந்தி வந்துச்சே, அது கூழைக்கடா இல்லை, நாரை. கழுத்தை நீட்டிக்கிட்டுப் போச்சு, நான் பார்த்தேன். ஆனா சார் எண்ணச் சொன்ன இடம் இன்னும் வரலைல்லா. இது பஸ்ஸு. பஸ்ஸுல பார்த்தது கணக்குல வராது.

பின்னால வாரார், பிள்ளையைத் தூக்க. இறங்கப் போறோம். நீங்க அவர்ட்ட ஒண்ணும் சொல்லிராதீங்கக்கா. எட்டாவே இருக்கட்டும்.